22ஆம் பக்கத்தில் நின்ற புத்தகம்: ஒரு கடையின் ஊழியர்கள் தரும் பரிந்துரைகள்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். பேசுபவர் விம்கோ நகரில் வசிக்கும் புத்தகக் கடை ஊழியர்.)

விம்கோ நகர்லருந்து பேசுறேன். நடுநடுவுல லாரி ஹாரன் கேட்டா கோச்சுக்காதீங்க. ஜன்னலைச் சாத்திட்டுதான் பேசுறேன், ஆனாலும் எங்க ஏரியாவுல அது உள்ள வந்துடும்.

நான் அண்ணா சாலைப் பக்கம் ஒரு புத்தகக் கடையில சேல்ஸ்ல இருக்கேன். ஏழு வருஷம் ஆகப் போகுது. முன்னாடி எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு சென்ட்ரல், அங்கருந்து பஸ். 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு ஒரே வண்டி. அரை மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்து படிக்கலாம். என் வாசிப்புல பாதி காலடிப்பேட்டைக்கும் மண்ணடிக்கும் நடுவுலதான் நடக்குது.

இந்த எபிசோட்ல எங்க கடையில வேலை செய்யற அஞ்சு பேர், ஆளுக்கு ஒண்ணு ரெண்டு புத்தகம் சொல்லப் போறோம். சரித்திர நாவல், காமிக்ஸ், கடல், அறிவியல் புனைகதை, மொழிபெயர்ப்பு, கட்டுரைன்னு எல்லா வகையும் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி நான் சொதப்பின கதை ஒண்ணைச் சொல்லணும். ஏன்னா எங்க பரிந்துரை ரேக் இப்ப இருக்குற மாதிரி இருக்குறதுக்கு அந்தச் சொதப்பல்தான் காரணம்.

அப்பாவும் பாக்கெட் நாவலும்

எங்க அப்பா கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில போனவங்களுக்குத் தெரியும், ஹார்பருக்குள்ள போறதுக்கு ட்ரெய்லருங்க வரிசை கட்டி நிக்கும். சில நாள் மணிக்கணக்கா நிக்கும். வண்டியை விட்டு நகரவும் முடியாது, தூங்கவும் முடியாது. முன்னாடி வண்டி பத்தடி நகர்ந்தா நாமளும் நகரணும்.

அந்த நேரம் பூரா அப்பா படிப்பார். பொட்டிக்கடையில க்ளிப் போட்டுத் தொங்குமே, அந்த மாத நாவல்கள். முக்கியமா ராஜேஷ்குமார். கேபின்ல சீட்டுக்குப் பின்னாடி ஒரு அடுக்கு இருக்கும். படிச்சு முடிச்சதைப் பக்கத்து வண்டி டிரைவருக்குக் கொடுத்துட்டு அவர்கிட்ட இருக்குறதை வாங்கிக்குவார். ஒரு லாரி க்யூவுல ஒரு லெண்டிங் லைப்ரரியே ஓடிக்கிட்டு இருந்துச்சு.

நான் கடையில சேர்ந்த புதுசு. நாலு இலக்கியக் கூட்டத்துக்குப் போய்ட்டு வந்தாச்சு, தலைக்கனம் வந்தாச்சு. ஒரு நாள் வீட்ல, தங்கச்சி முன்னாடி, "இன்னும் எத்தனை வருஷம்ப்பா இதையே படிப்பீங்க? நல்ல புத்தகம் எதுனா படிங்களேன்"ன்னு சொன்னேன். சொன்னதோட விட்டிருக்கலாம். ஸ்டாஃப் தள்ளுபடியில ஜோ டி குருஸோட 'ஆழி சூழ் உலகு' வாங்கிட்டு வந்து கையில கொடுத்தேன். 2004ல வந்த நாவல், 500 பக்கத்துக்கு மேல. தெக்கத்திக் கடற்கரைப் பரதவர் வாழ்க்கை. எனக்கு உயிரான புத்தகம். கடல் ஓரத்துலயே இருக்குற ஆளுக்குக் கடல் நாவல் பிடிக்காமலா போயிடும்னு ஒரு கணக்கு.

அப்பா கையில வாங்கிப் பார்த்துட்டு, "இன்னாமா இது, செங்கல்லு மாதிரி கீது"ன்னார். அப்புறம் முதல் பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "எழுத்து பொடிசா கீதே"ன்னார். நான் சிரிச்சுட்டு, "படிக்கப் படிக்கப் பழகிடும்ப்பா"ன்னேன்.

மூணு மாசம் கழிச்சு, கேபினைச் சுத்தம் பண்ண உதவிக்குப் போனப்ப அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். டீசல் பில் ஒண்ணை அடையாளத்துக்கு வெச்சிருந்தார். 22ஆம் பக்கம். சீட்டுக்குப் பின்னாடி இருந்த அடுக்கு காலி. நான் சொன்னதுக்கு அப்புறம் மாத நாவல் வாங்குறதையும் நிறுத்திட்டார். க்யூவுல நிக்குற நேரத்துல இப்ப போன்ல வீடியோ பார்க்கிறாராம்.

புத்தகம் விக்கிறது என் வேலை. இருபத்தஞ்சு வருஷமா படிச்சிக்கிட்டு இருந்த ஒரு ஆளைப் படிக்காம ஆக்கினதும் நான்தான்.

நாவல் மேல தப்பே கிடையாது. அந்த வட்டார மொழிக்குப் பழகிட்டா அது உங்களை விடவே விடாது. ஆனா அந்த ஆளுக்கு, அந்த இடத்துல, அந்த வெளிச்சத்துல, பத்தடிக்கு ஒரு தரம் கியர் போட்டுக்கிட்டே படிக்கிற புத்தகம் அது கிடையாது. நான் புத்தகத்தைப் பார்த்தேன், படிக்கிறவரைப் பார்க்கல.

சீட்டு எழுதுற முறை

இதை ஒரு நாள் டீ டைம்ல கடையில சொன்னேன். யாரும் ஆறுதல் சொல்லல. பில்லிங்ல இருக்குற அக்கா மட்டும், "நம்ம ரேக்ல இருக்குற சீட்டை எல்லாம் போய்ப் படிச்சுப் பாரு"ன்னாங்க.

கடையில நுழைஞ்சதும் இடது பக்கம் எங்க பரிந்துரை ரேக். ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு சீட்டு செருகி இருக்கும். போய்ப் பார்த்தா, 'தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று', 'அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்', 'தவறவிடாதீர்கள்'. பாதி என் கையெழுத்து. இதுல எந்தச் சீட்டை எந்தப் புத்தகத்துக்கு மாத்தி வெச்சாலும் யாருக்கும் தெரியாது.

அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டோம். புதுசா ஒரு வழக்கம். சீட்டுல புத்தகத்தைப் புகழக் கூடாது. இது யாருக்கு, எப்பப் படிக்கலாம், எங்க கொஞ்சம் திணறும், இது மூணு மட்டும். அந்த ரேக்லருந்துதான் இப்ப சொல்லப் போறேன்.

பில்லிங் அக்கா: சரித்திர நாவல்

இவங்க காலடிப்பேட்டை. எனக்கு முன்னாடியே கடைக்கு வந்து 20 வருஷம் ஆச்சு. 2022 செப்டம்பர்ல 'பொன்னியின் செல்வன்' படம் வந்தப்ப கடையில நடந்த கூத்தை இவங்க சொல்லித்தான் கேக்கணும். கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனதால யார் வேணாலும் அச்சுப் போடலாம். அதனால பல பதிப்பகத்தோட அஞ்சு பாகமும் மலை மாதிரி வந்து இறங்கிச்சு, இறங்கின வேகத்துல போச்சு. அடுத்த வருஷம் பார்த்தா, "ரெண்டாம் பாகத்துல நின்னுட்டேன்க்கா"ன்னு நிறைய பேர்.

அவங்களுக்கெல்லாம் அக்கா கொடுக்கிறது 'பார்த்திபன் கனவு'. அதே கல்கி, ஆனா ஒரே புத்தகம். பல்லவர் காலம். சோழ இளவரசன் விக்கிரமன் நாடு கடத்தப்பட்டு, ரத்தின வியாபாரி வேஷத்துல திரும்பி வர்றான். அத்தியாயம் எல்லாம் சின்னச் சின்னது. வாரப் பத்திரிகைக்காக எழுதினதால ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைப் படிக்க வைக்கும்.

அக்காவோட சீட்டு: 'பெரிய செட்டு வாங்கி அலமாரியில வெச்சிருக்கறவங்களுக்கு. ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். அப்புறம் அந்த அஞ்சு பாகத்துக்கிட்ட தைரியமா போகலாம்.'

அக்கா இன்னொண்ணும் சொல்வாங்க. ரமணிச்சந்திரன் நாவல் கேக்கறவங்க பல பேர் குரலைத் தாழ்த்திக் கேப்பாங்களாம், மெடிக்கல் ஷாப்ல கேக்கற மாதிரி. அக்கா வேணும்னே சத்தமா, "ரமணிச்சந்திரன் மூணாவது ரேக்ல இருக்கு, புதுசும் வந்திருக்கு"ம்பாங்க. அப்புறம் அவங்க நிமிர்ந்து நடந்து போவாங்களாம்.

குடோன் அண்ணன்: காமிக்ஸ்

பார்சல் பிரிக்கிறது, ஸ்டாக் எண்ணுறது எல்லாம் இவர். பத்தாவதோட படிப்பை நிறுத்தினவர். தமிழ் படிக்கக் கத்துக்கிட்டதே காமிக்ஸ்லதான்னு சொல்வார். 1972ல சிவகாசியில 'இரும்புக்கை மாயாவி'யோட ஆரம்பிச்சது முத்து காமிக்ஸ். 1984ல லயன் காமிக்ஸ். ரெண்டும் இன்னும் வந்துக்கிட்டு இருக்கு. அது ஒரு பெரிய விஷயம்.

அண்ணனோட பரிந்துரை டெக்ஸ் வில்லர். இத்தாலியில வரைஞ்ச அமெரிக்க கௌபாய் கதை, சிவகாசியில தமிழ் ஆகி, விம்கோ நகர்க்காரி கையில. குதிரை, துப்பாக்கி, பாலைவனம், நியாயம். படம் பார்த்தே பாதிக் கதை புரியும். ஆங்கில மீடியம் படிச்சு, தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற காலேஜ் பசங்களுக்கு அண்ணன் இதைத்தான் கொடுக்கிறார். பேச்சு பலூன்ல ரெண்டு மூணு வரிதான் இருக்கும், பயமுறுத்தாது.

அண்ணனோட சீட்டு: 'தமிழ் வேகமாப் படிக்க வரலன்னு வெக்கப்படுறவங்களுக்கு. யார்கிட்டயும் சொல்ல வேணாம். இதுல ஆரம்பிங்க.'

பார்ட் டைம் தம்பி: கடல்

சனி, ஞாயிறு மட்டும் வர்ற காலேஜ் தம்பி. எண்ணூர்ல ஒரு மீனவ குப்பம். 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப, கரையில ஆளுங்க பக்கெட்ல எண்ணெய் அள்ளினாங்களே, அப்ப இவன் ஸ்கூல் பையன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல மறுபடி எண்ணெய் வந்து படிஞ்சப்ப, இவங்க வீட்டுப் படகும் வலையும் கறுப்பாப் போச்சு.

அவன் தேர்ந்தெடுத்தது வண்ணநிலவனோட 'கடல்புரத்தில்'. 1977ல வந்தது. நான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச கடல் நாவலோட ஒப்பிட்டா ரொம்பச் சின்னது, ஒரே நாள்ல முடிச்சிடலாம். தெக்கத்திக் கடற்கரை ஊர். வல்லம் வெச்சிருக்கறவங்களுக்கும் புதுசா வந்த லாஞ்சிக்காரங்களுக்கும் நடுவுல பகை. குரூஸ் மிக்கேல்னு ஒரு அப்பா, வாத்தியார் வேலையில இருக்குற மகன், வல்லத்தை வித்துட்டு வந்துடுங்கன்னு ஒரு பேச்சு. பிலோமின்னு ஒரு பொண்ணு.

"ஏன்டா இதை எடுத்த?"ன்னு கேட்டேன். "எங்க வீட்லயும் படகை வித்துடலாம்னு ஒரு ராத்திரி பேசினாங்கக்கா. அன்னைக்கு எங்க அப்பா ஒண்ணுமே பேசல. இதுல அந்த அப்பா பேசுறாரு"ன்னான். அவங்க வீட்ல வித்தாங்களான்னு நான் கேக்கல. அவனா சொன்னா சொல்லட்டும்.

தம்பியோட சீட்டு: 'வீட்ல ஒரு பெரிய முடிவு எடுக்கப் போறப்ப படிக்கலாம். பேச்சு வழக்கு முதல் பத்துப் பக்கம் புதுசா இருக்கும், அப்புறம் காது பழகிடும்.'

மேனேஜர் சார்: நகரம்

எங்க மேனேஜருக்கு ஒரே எழுத்தாளர்தான், அசோகமித்திரன். யார் என்ன கேட்டாலும் கடைசியில அங்க கொண்டு போய் நிறுத்திடுவார். ரேக்ல அவர் வெச்சிருக்கறது 'தண்ணீர்'. தண்ணீர்ப் பஞ்சத்துல தவிக்கிற சென்னைத் தெரு ஒண்ணு. ஜமுனா, சாயான்னு அக்கா தங்கச்சி. ஜமுனா சினிமா ஆசையில வாழ்க்கையைத் தொலைச்சவ. குழாயில தண்ணி வருதா, பம்ப் அடிச்சா ஏறுதா, யார் வீட்ல எத்தனை குடம்னுதான் கதை போகும். போகப் போக அந்தப் பொண்ணு எப்படி எழுந்து நிக்கிறாங்கிறது தெரியும்.

குடத்தோட லாரிக்குக் காத்திருந்த ஆளுங்க நாம. 2019 கோடையில என்ன பாடு பட்டோம்னு மறந்திருக்காது. மேனேஜர் சொல்றது, "அழுகாச்சி வசனம் தேடாதீங்க. இவர் சத்தமே போட மாட்டார். சாதாரணமாச் சொல்லிக்கிட்டே போவார், மூடி வெச்ச பிறகுதான் உறைக்கும்."

சாரோட சீட்டு: 'சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.' இவர் மட்டும் சீட்டுலயும் இலக்கணத் தமிழ்தான்.

என் பங்கு: நாலு புத்தகம்

மத்தவங்களுக்கு ஒண்ணு, எனக்கு நாலு. மைக் என் கையில இருக்கு, என்ன பண்றது.

முதல்ல, அறிவியல் புனைகதை. சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'. 1980கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. அவர் கற்பனை பண்ணின எதிர்காலம் நாம இப்ப இருக்குற 2020கள். ஜீவான்னு ஒரு சர்வாதிகாரி, குழந்தை பெத்துக்க அரசாங்க அனுமதி, நிலான்னு ஒரு பொண்ணு, ஜீனோன்னு ஒரு ரோபோ நாய். அந்த நாய் புத்தகம் படிக்கும், வாயாடும், யோசிக்கும். இப்ப போன்ல எல்லாரும் ஏஐகிட்ட பேசிக்கிட்டு இருக்கோமே, இந்த நேரத்துல ஜீனோவைப் படிச்சா வேற மாதிரி இருக்கு. சீட்டு: 'தமிழ்ல கடைசியாப் படிச்சது ஸ்கூல் பாடப் புத்தகம்தான்னு சொல்றவங்களுக்கு. எங்கயும் திணறாது.'

ரெண்டாவது, மொழிபெயர்ப்பு. வைக்கம் முகம்மது பஷீரோட 'மதில்கள்', மலையாளத்துலருந்து தமிழ்ல சுகுமாரன். சிறையில ஒரு ஆள், மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிறை. அங்கருந்து ஒரு குரல், நாராயணி. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. அவ மதில்கிட்ட வந்துட்டாங்கிறதுக்கு அடையாளம், மேல தூக்கிப் போடுற ஒரு காய்ஞ்ச குச்சி. அவ்வளவுதான் காதல். அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த படத்துல மம்மூட்டி நடிச்சிருப்பார். விம்கோ நகர்ல ஏறினா ஏர்போர்ட் போறதுக்குள்ள முடிச்சிடலாம், அவ்வளவு சின்னது. சீட்டு: 'லாங் டிஸ்டன்ஸ்ல இருக்கறவங்களுக்கு.'

மூணாவது, கட்டுரை. ஆ. இரா. வேங்கடாசலபதியோட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. 2024க்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கினவர், வ.உ.சி. பத்தின ஆய்வுக்கு. இந்தப் புத்தகம் அதுக்கு ரொம்ப முன்னாடி வந்தது. காலைல எழுந்ததும் நாம குடிக்கிற காபி தமிழ்நாட்டுக்குள்ள எப்படி வந்துச்சு, யாரெல்லாம் திட்டினாங்க, காபி ஓட்டல்ல யார் எங்க உட்காரலாம்கிறதுல சாதி எப்படி நுழைஞ்சுதுன்னு சொல்லுவார். ஆராய்ச்சிதான், ஆனா சிரிச்சுக்கிட்டே படிக்கலாம். சீட்டு: 'கதை பிடிக்காது, தகவல் வேணும்னு சொல்றவங்களுக்கு. ஒரு காபிக்கு ஒரு கட்டுரை.'

நாலாவது, எல்லா வயசுக்கும். 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பான்ல 1981ல டெட்சுகோ குரோயாநாகி எழுதினது, தமிழ்ல நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. ஒண்ணாங்கிளாஸ்லயே ஸ்கூலை விட்டு அனுப்பின ஒரு குட்டிப் பொண்ணு வேற ஸ்கூல் போறா. அங்க வகுப்பறை எல்லாம் பழைய ரயில் பெட்டி. எங்க பக்கத்து வீட்டுப் பாப்பா டிப்போவுல நிக்குற மெட்ரோ ரயிலைப் பார்த்துட்டு, "அதுல ஸ்கூல் வெச்சா நானும் போவேன்"னு சொல்லுது. அதுக்கு ராத்திரி ராத்திரி நான் படிச்சுக் காட்டினது இது.

அதுல ஹெட்மாஸ்டர் கோபயாஷி முதல் நாள் அந்தப் பொண்ணை எதிர்ல உட்கார வெச்சு, என்ன வேணாலும் பேசுன்னு சொல்லிட்டு, நாலு மணி நேரம் கேட்டுக்கிட்டு இருப்பார். கொட்டாவி விட மாட்டார், கடிகாரம் பார்க்க மாட்டார். அந்த இடத்தைச் சத்தமாப் படிச்சப்பதான் எனக்கு டக்குனு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

"எழுத்து பொடிசா கீதே."

அப்பா முதல் நாளே சொன்னார். நான் அதைச் சாக்குப்போக்குன்னு எடுத்துக்கிட்டேன். அவருக்கு அப்ப 50 வயசு. பேப்பரைத் தள்ளிப் பிடிச்சுதான் பார்க்கிறார், மருந்து அட்டையை என்கிட்ட கொடுத்து எக்ஸ்பைரி தேதி பார்க்கச் சொல்றார். வீட்ல எல்லாரும் பார்த்துக்கிட்டுதான் இருந்தோம். யாருக்கும் தோணல.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேரடிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். வெள்ளெழுத்து. படிக்கிறதுக்குத் தனிக் கண்ணாடி. போட்டுக்கிட்டு, கடைக்காரர் கொடுத்த அட்டையில கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டு, "ஏம்மா, இத்தினி நாளா இது இப்டிதான் இருந்துச்சா?"ன்னார்.

அதுலருந்து யாராவது அப்பா அம்மாவுக்குப் புத்தகம் கேட்டா, நாங்க முதல்ல எழுத்து அளவைத் திறந்து காட்டுறோம். கதை அப்புறம்.

வெட்டுப்புலி

கண்ணாடி வந்தாச்சு. உடனே அப்பா படிக்க ஆரம்பிச்சுட்டார்னு சொன்னா அது பொய். போன் பழகின கைக்குப் புத்தகம் திரும்பிப் பிடிக்கல. நானும் எதையும் கொடுக்கல, பயம்.

ஒரு நாள் நான் படிக்க எடுத்துட்டு வந்த புத்தகம் சோபாவுல கிடந்துச்சு. தமிழ்மகன் எழுதின 'வெட்டுப்புலி', 2009ல வந்த நாவல். அப்பா தலைப்பைப் பார்த்துட்டு, "இது நம்ம தீப்பெட்டி ஆச்சே"ன்னார்.

இளைய மக்களுக்காகச் சொல்றேன். எங்க ஊர் பேரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியோட பேர்தான். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கி விம்கோ. 1923ல ஸ்வீடன்காரங்க ஆரம்பிச்ச நிறுவனம். திருவொற்றியூர்ல அவங்க ஃபாக்டரி. சிவகாசிப் பக்கம் கையால தீப்பெட்டி செஞ்சப்ப இங்க மெஷின்ல செஞ்சாங்க. எங்க தாத்தா அங்க வேலை பார்த்தவர். கையில அரிவாளோட ஒரு ஆள் சிறுத்தைகூடச் சண்டை போடுற படம் போட்ட பெட்டி ஒண்ணு வரும். அதுதான் வெட்டுப்புலி.

நாவல்ல, அந்தப் படத்துல இருக்குற ஆள் யாருன்னு தேடிக்கிட்டு ஒரு இளைஞன் கிளம்புறான். தேடப் போனா, 1930கள்லருந்து பத்துப் பத்து வருஷமா சென்னையைச் சுத்தி இருக்குற கிராமங்கள், திராவிட இயக்கம், சினிமான்னு ஒரு நூற்றாண்டே வருது.

"எடுத்துட்டுப் போகவா?"ன்னு அப்பா கேட்டார். "பெரிய புக்குப்பா"ன்னேன். "கண்ணாடி கீதே"ன்னார்.

ரெண்டு மாசம் ஆச்சு. முழுசாப் படிச்சாரான்னா, "நடுவுல கொஞ்சம் தாண்டித் தாண்டிப் போனேன்"னு அவரே ஒத்துக்கிட்டார். ஆனா தாத்தா சொன்ன கதை, அண்ணா கூட்டத்துக்குத் தாத்தா நடந்தே போனது, எங்களுக்குத் தெரியாத எல்லாத்தையும் சாப்பிடுறப்ப சொல்ல ஆரம்பிச்சார். தங்கச்சி போன்ல பதிவு பண்ணி வெச்சிருக்கா.

அப்பா சொல்லி நான் எழுதின சீட்டு இப்ப ரேக்ல இருக்கு: 'அப்பாவோட பேச விஷயம் இல்லாதவங்களுக்கு. பெருசுதான், தாண்டித் தாண்டிப் படிக்கலாம்.'

கடைசியா ஒண்ணு

வெட்டுப்புலியைத் திருப்பிக் கொடுத்தப்ப அப்பா கொஞ்சம் தயங்கிட்டு, "அந்த ராஜேஷ்குமார் எதுனா கடையில இருந்தா எடுத்தாயேன்"ன்னார். மெடிக்கல் ஷாப்ல கேக்கற அதே குரல். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தக் குரலை அவருக்குக் கொடுத்தது நான்தானே.

மறுநாள் நாலு வாங்கிட்டுப் போனேன். 1,500க்கு மேல நாவல் எழுதின மனுஷன், கிடைக்காமலா போயிடும். சீட்டுக்குப் பின்னாடி அடுக்கு மறுபடி ஏறிக்கிட்டு இருக்கு. 'ஆழி சூழ் உலக'மும் அங்கதான் இருக்கு, டீசல் பில்லோட. நான் அதைப் பத்தி ஒண்ணும் கேக்கறது இல்ல.

போன மாசம் அதுல ஒண்ணைப் படிச்சு முடிச்சுட்டு அப்பா என்கிட்ட நீட்டினார். "இந்தா, இத படி. கடைசிப் பக்கத்த மொதல்ல பாக்காத." வாழ்க்கையில அவர் எனக்குப் பரிந்துரைச்ச முதல் புத்தகம். மறுநாள் வேலை முடிஞ்சு மெட்ரோல உட்கார்ந்து பிரிச்சேன். தண்டையார்பேட்டையில கொலைகாரன் இவன்தான்னு முடிவு பண்ணிட்டேன். டோல்கேட்ல அவனே செத்துட்டான். நிமிர்ந்து பார்த்தா வண்டி விம்கோ நகரைத் தாண்டி டிப்போவுல போய் நிக்குது. அதுக்கு மேல லைனே கிடையாது. இறங்கி, மீதி ஆறு பக்கத்தையும் பிளாட்பாரத்துல நின்னு படிச்சுட்டுதான் வீட்டுக்கு நடந்தேன்.

அவ்வளவுதான் மக்களே. இந்த வாரம் புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடி, உங்க வீட்ல யார் என்ன படிச்சிக்கிட்டு இருக்காங்க, முன்னாடி என்ன படிச்சாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு, அவங்க சொல்றதை முழுசாக் கேளுங்க. அப்படியே கண்ணாடி வேணுமான்னும் பார்த்துடுங்க.